ஜன்னலைச் சாத்தி வளர்த்த இருமல்

என் வயிற்றில் பிறந்த என்ஜினியருக்கு,

நீ பெங்களூரிலிருந்து வந்து கதவைத் திறக்கும்போது வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். பதறாதே. காயத்ரியும் குழந்தையும் ஸ்ரீவராகத்தில் நம் பழைய வீட்டில் என்னோடு இருக்கிறார்கள். சண்டை எதுவும் இல்லை, உன் பெண்டாட்டி கோபித்துக்கொண்டும் போகவில்லை. நான்தான் அழைத்து வந்தேன். சாயங்காலம் குழந்தையின் துணிமணிகளை எடுக்க அவள் அங்கே வருவாள். அப்போது இந்தக் கடிதத்தை, நீ வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் போய்த் தொட்டுப் பார்க்கிற அந்த வெள்ளைப் பெட்டியின் தலையில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். உறையில் போட்டு ஒட்டவில்லை. காயத்ரி படித்துவிட்டாள், உன் தங்கை மீனுவும் படித்துவிட்டாள். உன் ஆபீஸ் சிநேகிதர்கள் கூட வந்தால் அவர்களும் படிக்கட்டும். மூடி மூடி வைக்கிற பழக்கத்தை இந்தக் குடும்பத்தில் ஒருத்தராவது விட வேண்டும்.

அந்தப் பெட்டியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். போன மாதம் காயத்ரி பாலக்காட்டுப் பிறந்த வீட்டிலிருந்து மூன்று மாதக் குழந்தையோடு உன் கழக்கூட்டம் ஃப்ளாட்டுக்கு வந்த அன்று என்னையும் மீனுவையும் வரச் சொன்னாய். எட்டாவது மாடி. செருப்பை லிஃப்ட் பக்கத்திலேயே கழற்ற வைத்தாய். வாசலில் நிறுத்தி எங்கள் உள்ளங்கையில் ஜெல்லி மாதிரி எதையோ பிழிந்தாய். உன்னைப் பெற்று, குளிப்பாட்டி, மூக்கைச் சிந்திவிட்ட கை இது. அதைச் சுத்தம் செய்துகொண்டுதான் உன் குழந்தையைத் தொட வேண்டும் என்றாய். அதில் எனக்கு வருத்தமில்லை, கை கழுவுவது நல்ல காரியம்தான். உள்ளே வந்தால் ஒரு ஜன்னல்கூடத் திறந்திருக்கவில்லை. சும்மா சாத்தினால் போதாதென்று சுற்றிலும் பழுப்பு டேப் ஒட்டியிருந்தாய். ஹைவே தூசி வருமாம். ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. மூலையில் அந்தப் பெட்டி, அதன் நெற்றியில் ஒரு பச்சை விளக்கு. "காத்துல இருக்கற கிருமியெல்லாம் இது பிடிச்சுடும் அம்மா. பச்சை எரிஞ்சா ஏர் ஸேஃப்னு அர்த்தம். நம்ம ஆத்துல இருக்கற மாதிரி ஈரச் சுவரும் பூஞ்சையும் இங்க கிடையாது" என்று விளக்கினாய். கற்பூரம் காட்டாததுதான் குறை.

சொல்லி முடித்தாய், இருமினாய். ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மறுபடி இருமினாய். இருமின கை உலர்வதற்குள் தொட்டிலிலிருந்து குழந்தையைத் தூக்கி மூக்கோடு மூக்கு உரசினாய். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அதற்கு என்ன தெரியும் பாவம். அது தூசியைப் பிடிக்கிற யந்திரம். குழந்தையின் முகத்துக்கு நாலு விரற்கடை தூரத்தில் அப்பன் வாயிலிருந்து வருவதை அது ஓடி வந்து பிடிக்குமா? "என்னடா இருமல்?" என்றேன். "டஸ்ட் அலர்ஜியாக்கும் அம்மா. இங்க எல்லாருக்கும் உண்டு. சும்மா டென்ஷன் அடிக்காதே" என்றாய். நானும் சும்மா இருந்துவிட்டேன். சும்மா இருப்பதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

பஸ்ஸில் திரும்பி வரும்போது மீனு என் தோளைத் தட்டினாள். அவள் பேச்சு உனக்குத் தெரியும், ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்தி வரும். "அண்ணா ரொம்ப இருமறான். டிவிய சத்தமா வெச்சா எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுண்டானா? எனக்கு டிவியே கேக்காதே. நான் தோளைத்தான் பாத்தேன். சித்தப்பா தோளும் அப்படித்தான் ஆடும்." பதினெட்டு வயதுப் பெண், காது கேட்காதவள், அவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதுகூடப் பொய். தெரிந்தது, தெரியாத மாதிரி இருந்தேன். உன் பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட்டிருப்பதையும் பார்த்தேன். சாயங்காலமானதும் உன் கண் பளபளவென்று காய்ச்சல்காரன் கண்ணாக இருந்ததையும் பார்த்தேன். உடம்பு இளைத்திருக்கிறதே, வேலை ஜாஸ்தி போலிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மீனுவுக்கு ஏன் காது போயிற்று என்று உனக்குச் சொல்லி வைத்திருக்கிற கதை, மூளைக் காய்ச்சல். அதில் முக்கால் பங்கு உண்மை. மிச்சக் கால் பங்கை இன்றைக்குத்தான் எழுதப் போகிறேன். அப்போது உனக்குப் பன்னிரண்டு வயது. கண்ணெதிரே எல்லாம் நடந்தது, நீ கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. உன் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். போனவரைத் திட்டுவது ரொம்ப சௌகரியம். அதனால் அவரை விட்டுவிட்டு, உயிரோடு இருக்கிற என்னை முதலில் திட்டிக்கொள்கிறேன். சாட்சிக்கு நானே இருக்கிறேன்.

சித்தப்பா பம்பாயில் வேலை போய் நம் வீட்டுக்கு வந்து சேர்ந்தது பதினைந்து வருஷத்துக்கு முன்னால். வரும்போதே இருமல் கூடவே வந்தது. அதே சமயம்தான் உன் அத்தைக்குத் திருநெல்வேலிப் பக்கத்தில் வரன் குதிர்ந்து, நிச்சயமும் ஆகியிருந்தது. நம் தெரு உனக்குத் தெரியாததா? வீட்டுக்கு வீடு ஒரே சுவர். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் தீர்க்காயுசு சொல்வார்கள். அடுத்த வீட்டு ராஜம் மாமிக்குத் தெரிந்தால் அரை நாளில் திருநெல்வேலிக்குத் தெரிந்துவிடும். உன் அப்பா என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "கல்யாணம் முடியறவரைக்கும் அவன் ரூம் ஜன்னல் திறக்கப்படாது, கேட்டயா. டாக்டர்ட்ட போறது, அலையறது, ஒண்ணும் வேண்டாம். எல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்." அவர் சொன்னதோடு சரி. செய்தது நான். ஜன்னலைச் சாத்திக் கொண்டி போட்டேன். மேலே காற்றுப் போக்கிக்கு இருந்த ஓட்டை வழியாகச் சத்தம் போகுமென்று, மைதாவைக் காய்ச்சிப் பசையாக்கி, பழைய பேப்பரை நாலு மடிப்பாக ஒட்டினேன். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றது நீ. கிருமி இருந்தால் செத்துப்போகட்டும் என்று காலையும் மாலையும் சாம்பிராணி போட்டேன். அது செத்ததோ இல்லையோ, அவன் பாதி செத்தான். புகையில் இன்னும் இருமினான். இருமல் கேட்காமலிருக்க ரேடியோவைப் பெரிதாக வைத்தேன்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? நான் அப்போது எங்கே வேலை பார்த்தேன்? தமிழ் மீடியம் ஏழாம் வகுப்புக்கு சயன்ஸ் டீச்சர். காற்றினால் பரவும் நோய்கள் என்று போர்டில் எழுதி, காற்றோட்டம், சூரிய வெளிச்சம், வாயை மூடி இருமுதல் என்று குழந்தைகளைக் கத்திக் கத்திச் சொல்ல வைத்துவிட்டு, மத்தியானம் வீட்டுக்கு வந்து கொண்டி சரியாகப் போட்டிருக்கிறதா என்று பார்த்தேன். ஜுவாலஜியில் பி.எஸ்ஸி. வேறு. இந்தப் படிப்பை வைத்துக்கொண்டு என்ன செய்தேன் என்று யாராவது கேட்டால் சாம்பிராணி போட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். உன் பி.டெக்.கை வைத்துக்கொண்டு நீ டேப் ஒட்டியிருக்கிறாய். நீ என் பிள்ளைதான், சந்தேகமேயில்லை.

மீனுவுக்கு அப்போது மூன்று வயது. சித்தப்பா என்றால் அவளுக்கு உயிர். நான் பள்ளிக்கூடம் போய்விட்டால் பகல் முழுக்க அந்த ரூமில் அவன் மடியில்தான் கிடப்பாள். சோறு பிசைந்து ஊட்டுவதும் அவன், தூங்க வைப்பதும் அவன். சம்பளமில்லாமல் குழந்தை பார்க்க ஆள் கிடைத்ததே என்று எனக்கும் சௌகரியமாக இருந்தது. அவன் ஒரு நாள் கெஞ்சினான்: "மன்னி, அந்த ஜன்னலைச் சித்தே திறங்கோளேன். எனக்காகச் சொல்லலை. கொழந்தையும் உள்ள இருக்கு." நான் சொன்ன பதில் எனக்கு எழுத்து விடாமல் ஞாபகம் இருக்கிறது. "ராஜம் காதைத் தீட்டிண்டு ஒக்காந்திருக்கா. கொஞ்ச நாள் பொறுத்துக்கோ." வியாதிக்காரனுக்குக் குழந்தை மேல் இருந்த அக்கறை பெற்றவளுக்கு இல்லை. எனக்குக் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வர வேண்டியிருந்தது.

பத்திரிகை வந்தது. கூடவே மீனுவுக்கு ஜுரமும் வந்தது. பத்து நாள் விட்டு விட்டு அடித்தது, வாந்தி எடுத்தாள், பிறகு கழுத்து விறைத்து, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவில்லை. கையில் பி.சி.ஜி. ஊசித் தழும்பு இருந்தது, அதனால் இது டி.பி.யாக இருக்காது என்று நானே வைத்தியம் தீர்மானித்திருந்தேன். ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர் மலையாளத்தில் கேட்டாள்: "வீட்டில் ஆர்க்கெங்கிலும் சும உண்டோ?" சும என்றால் இருமல் என்று இங்கே நாலு வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியாமலா? உன் அப்பா என் முகத்தைப் பார்த்தார். நான், "இல்லா" என்றேன். சுத்த மலையாளத்தில், தெளிவாக, அறிவியல் ஆசிரியை சொன்னேன். அந்த ஒரு வார்த்தையால் இரண்டு நாள் போயிற்று. வேறு என்னென்னவோ ஜுரத்துக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள் காலை சித்தப்பா தானே ஆஸ்பத்திரிக்கு நடந்து வந்தான். நாங்கள் வரச் சொல்லவில்லை. வேட்டி இடுப்பில் நிற்கவில்லை, ஒரு கையால் பிடித்துக்கொண்டு வந்தான். வார்டு வாசலில் டாக்டர் முன்னால் நின்று, "வீட்டில் சும உள்ள ஆள் ஞானாக்கும், மூணு மாசமாயிட்டு" என்றான். டாக்டர் அவனை உட்காரச் சொன்னாள். என் பக்கம் திரும்பினாள். எல்லாவற்றையும் கேட்டு வாங்கினாள். ஜன்னல், பேப்பர், சாம்பிராணி, ரேடியோ. கடைசியில் ஒன்றுதான் கேட்டாள்: "படிப்புள்ள ஆளல்லே? ஜன்னல் துறக்கான் டாக்டர் சீட்டு எழுதித் தரணோ?" ஜன்னலைத் திறப்பதற்கும் டாக்டர் சீட்டு வேண்டுமா என்கிறாள். அவள் பார்த்த பார்வை இருக்கிறதே, செருப்பில் ஒட்டினதைப் பார்க்கிற பார்வை. அதற்கு நான் முழுத் தகுதியானவள்.

மீனு பிழைத்தாள். மாதக் கணக்கில் ஊசி. நடை வந்தது, பேச்சு வந்தது, காது மட்டும் வரவில்லை. அதை நோய் எடுத்ததா, ஊசி மருந்து எடுத்ததா என்று அவர்களாலேயே தீர்த்துச் சொல்ல முடியவில்லை. அந்த இரண்டு நாள் முன்னாலேயே ஆரம்பித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் ஒருத்தரிடமும் கேட்டதில்லை. கேட்கத் தைரியமில்லை. சித்தப்பா மாத்திரையை ஒரு நாள் விடாமல் தின்று ஆறு மாதத்தில் குணமாகி, கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போனான். அன்றிலிருந்து நம் வீட்டுப் படி ஏறியதில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, மீனுவை அங்கேயே பார்த்துவிட்டுப் போகிறான். அவன் ஏன் அப்படிச் செய்கிறான் என்று நீ பல தரம் கேட்டிருக்கிறாய். அவன் தன்னால்தான் என்று நினைக்கிறான். இல்லையப்பா, என்னால்தான் என்று நான் இன்றுவரை அவனுக்குச் சொல்லவில்லை. நாளைக்கு அவனுக்கும் ஒரு கடிதம் எழுத வேண்டும்.

யாருக்குப் பயந்து இத்தனையும் செய்தோமோ அவர்களைப் பற்றியும் கேள். விஷயம் தெரிந்து திருநெல்வேலி சம்பந்தி நேரில் வந்தார். கல்யாணம் நின்றதென்று உன் அப்பா கைகட்டி நின்றார். அந்த மனிதர் காபியைக் குடித்துவிட்டு, "இதுக்கா ஓய் இத்தனை ஒளிச்சேள்? எங்காத்துலயும் பெரியவனுக்கு வந்தது. மாத்திரை சாப்ட்டான், சரியாப் போச்சு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கொழந்தைக்கு இப்படி வந்திருக்குமா?" என்று கேட்டார். கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. ராஜம் மாமியோ என்னிடம், "மூணு மாசமா உங்காத்து இருமல்லதான் எனக்குப் பொழுது விடியறது. ரேடியோவுக்கு நடுவிலயும் நன்னாக் கேக்கும். அவளே சொல்லட்டும்னு இருந்தேன்" என்றாள். ஆக, வெளியே போகக் கூடாததெல்லாம் வெளியே போயிற்று. வெளியே போக வேண்டியது மட்டும் உள்ளேயே இருந்தது.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். நேற்று நீ ஊரில் இல்லாத சமயம் பார்த்துத்தான் கழக்கூட்டம் வந்தேன். காயத்ரியை உட்கார வைத்து, மேலே எழுதினதை எல்லாம் சொன்னேன். அவள் அழுதாள். பிறகுதான் வாயைத் திறந்தாள். "ரெண்டு மாசமா இருமறார் அம்மா, பாலக்காட்டுல இருக்கறப்பவே போன்ல கேட்டேன். டாக்டர்ட்ட போலாம்னா, சிங்கப்பூர் லிஸ்ட்ல பேர் வந்திருக்கு, இப்போ லீவ் எடுத்தா வேற ஆளை அனுப்பிடுவா, ஆஸ்பத்திரி வரிசைல நிக்கறதை ஆபீஸ்காரா யாராவது பாத்தா என்னாகும்னு சொல்றார். போயிட்டு வந்து பாத்துக்கலாமாம்." உன் அப்பாவின் குரல் இந்தப் பெண்ணின் வாய் வழியாக எனக்குக் கேட்டது. அவருக்காவது தங்கை கல்யாணம். உனக்கு ஒரு லிஸ்ட். எட்டாவது மாடிக்கு ஏறி, ஏ.சி. போட்டு, இங்கிலீஷில் பேசினால் புத்தி வளர்ந்துவிடும் என்று நினைத்தேன். டேப் மட்டும்தான் புதுசு.

டேப்பைக் காயத்ரியே உரித்தாள். நீ கோபப்படுவாயென்றால் படு. வீட்டில் காற்று ஒரு பக்கம் வந்து மறு பக்கம் போக வேண்டும், எதிரெதிரே இரண்டு ஜன்னல் திறந்திருக்க வேண்டும். ஏ.சி. அந்த ரூம் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர வைத்துக் கொடுக்கிறது. நீ விட்டதையே குழந்தை இழுக்கிறது. தூசி வந்தால் ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளலாம். காலையில் வெயில் வருகிற பக்கமாகப் பார்த்துத் தொட்டிலைப் போடு, மெத்தையை வெயிலில் உலர்த்து. மழைக்காலத்தில் ஈரத் துணியைப் படுக்கை அறையில் காயப் போடாதே, சுவரெல்லாம் பூத்துவிடும். இதில் மட்டும் என் வீட்டைப் பற்றி நீ சொன்னது நியாயம். ஊதுவத்தி, கொசுவர்த்தி, சாம்பிராணி, அந்த ரோஜாப்பூ ஸ்ப்ரே எதுவும் கிருமியைக் கொல்லாது. வாசனையாக இருக்கிறது, அவ்வளவுதான். இருமுகிறவன் வாயில் துணி வைத்து, ஜன்னல் ஓரமாக, காற்று வெளியே போகிற பக்கம் உட்கார வேண்டும். குழந்தை எதிர்ப் பக்கம் இருக்க வேண்டும். ஏழாம் வகுப்புப் பாடம்தான் இது. நான் பெயிலானேன், நீயாவது பாஸாகு.

இன்று காலை குழந்தையைக் காட்டினோம். எடை சரியாக இருக்கிறது, பால் நன்றாகக் குடிக்கிறது, ஜுரம் இல்லை. காயத்ரிக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். வீட்டில் யாருக்காவது இருமல் உண்டா என்று இந்த டாக்டரும் கேட்டார். காயத்ரி என் முகத்தைப் பார்க்கவில்லை. "உண்டு, குழந்தையோட அச்சனுக்கு, ரெண்டு மாசமாயிட்டு" என்று உடனே சொன்னாள். எனக்கு அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது, பிடித்துக்கொண்டேன். டாக்டர் சொன்னது இதுதான்: இருமுகிற ஆளின் சளியைப் பரிசோதித்தால்தான் குழந்தைக்கு மருந்து தர வேண்டுமா என்று தீர்மானிக்க முடியும். இவ்வளவு சின்னக் குழந்தையில் காத்திருக்க நேரமில்லை. நீ நாளைக்கு வருவதும் இந்த மாதக் கடைசியில் வருவதும் ஒன்றல்ல. உன் சளி ஒரு டப்பியில் வேண்டும், வேறு எதுவும் வேண்டாம். சிங்கப்பூருக்கு அது இல்லாமலும் போகலாம், உன் பெண்ணுக்கு அது இல்லாமல் முடியாது.

வெறும் அலர்ஜியாகவே இருக்கலாம். அப்படியானால் உன் அம்மா ஒரு பைத்தியக்காரி, ஊரைக் கூட்டினாள் என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரி, நானும் சிரிக்கிறேன். அதுவேதான் என்றால் மாத்திரை இருக்கிறது, குணமாகிவிடும். சில வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டு, இனி ஒட்டாது என்று டாக்டர் சொன்னதும் குழந்தையை நானே உன் கையில் தருவேன். அதுவரை என் வீட்டு வாசற்படி உனக்குக் கிடையாது. நீ அழுவாய் என்று தெரியும், நானும் அழுதுகொண்டுதான் எழுதுகிறேன். ஆனால் ஒரு தரம் குழந்தையையும் இருமலையும் ஒரே ரூமில் போட்டுச் சாத்தினவள் நான், இரண்டாம் தரம் செய்ய மாட்டேன்.

நாளைக் காலை மீனு ஆஸ்பத்திரி வரிசையில் உனக்காக இடம் பிடித்து நிற்பாள். அவளே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை. நேரே அங்கே போ. இல்லை, முதலில் அம்மாவோடு சண்டைதான் போட வேண்டும் என்றால் தாராளமாக ஸ்ரீவராகத்துக்கு வா. தெருவில் நின்று கத்து. எல்லா ஜன்னலும் திறந்துதான் இருக்கிறது, தெரு முழுக்கக் கேட்கட்டும்.

அம்மா